புளியங்கொட்டைப் புரதம் உடம்பில் ஒட்டுமா?

மாசி, பங்குனியில் புளி உலுக்கி முடித்த வீட்டுக்குப் போனால் திண்ணையில் இரண்டு குவியல் கிடக்கும். ஒன்று சதை. உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவார்கள். இன்னொன்று கொட்டை. எங்கள் அப்பாயி அந்தக் கொட்டையில் இரண்டு கை அள்ளி, இரும்புச் சட்டியில் மணலோடு போட்டு வறுப்பார். தோல் படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கி உரலில் கொட்டி மெல்லக் குத்துவார். கருந்தோல் உதிர்ந்து வெளிறிய பருப்பு வெளியே வரும். அதை உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் காலையில் மெல்லுகிற பதத்துக்கு வந்திருக்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை வாயில் அடக்கிக்கொண்டே நடப்போம்.

அந்தப் பருப்பில் புரதம் உண்டு. தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பருப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 பங்கு புரதம். துவரம்பருப்பில் 22, அரிசியில் 7 என்பதோடு வைத்துப் பார்த்தால் இது சின்ன அளவில்லை. புளியம்பழத்தின் எடையில் சதை சுமார் 55 சதவீதம் என்றால் கொட்டை மட்டும் 34 சதவீதம் இருக்கும். நாம் குழம்புக்கு எடுத்துக்கொள்கிற சதைக்குப் பாதிக்கும் மேலான எடையில் கொட்டையை ஒதுக்கிவைக்கிறோம் என்று கணக்கு. உழவு வேண்டாம், வருஷா வருஷம் விதைக்க வேண்டாம், வறட்சியிலும் காய்க்கிற மரம். முருங்கை, பலா, சவுண்டல், மா என்று இப்படி விதையை வீணடிக்கிற மரங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பற்றிய செய்திகளில் முதலில் வருவது எப்போதும் ஒரு சதவீத எண்தான். 'இந்த விதையில் 30 சதவீதம் புரதம்' என்பார்கள். அந்த எண்ணோடு நின்றுவிடுவதுதான் தப்பு. புரதம் இருக்கிறது, சரி. அது உடம்பில் ஒட்டுமா என்பது தனிக் கேள்வி.

முதலில் அந்த எண்ணே எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883இல் ஒரு முறையை வெளியிட்டார். தானியத்தை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளப்பது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம் வந்துவிடும். இன்றும் பெரும்பாலான உணவு அட்டவணைகளில் இருப்பது இந்தக் கணக்குதான். அதாவது, அளப்பது நைட்ரஜனை, சொல்வது புரதத்தை.

பெரும்பாலான உணவுக்கு இது பரவாயில்லை. சவுண்டல் விதைக்கு இது சரிவராது. சூபாபுல் என்று வனத்துறை பரப்பிய அதே மரம்தான். அதன் விதையில் புரதம் ஏறத்தாழ 30 சதவீதம் என்று எழுதப்படும். ஆனால் அந்த மரத்தின் இலையிலும் விதையிலும் மிமோசின் என்றொரு அமினோ அமிலம் தனியாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அமினோ அமிலங்களைக் கோத்துத்தான் புரதம் உருவாகிறது, ஆனால் இது எந்தப் புரதத்திலும் சேராதது. ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணு வைத்திருப்பதால் கெல்டால் கணக்கில் அதுவும் புரதமாகவே ஏறிவிடும். உடம்பிலோ அது நஞ்சு. சவுண்டலை மட்டுமே தின்ற குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிப்போகும், செம்மறிக்குக் கம்பளி உதிரும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் நோஞ்சானாகிக்கொண்டிருந்த காலத்தில், ஹவாய்த் தீவு ஆடுகள் அதே இலையைத் தின்று நன்றாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். அவற்றின் இரைப்பையில் இருந்த ஒரு பாக்டீரியா அந்த நஞ்சைச் சிதைத்துக்கொண்டிருந்தது. 1980களில் அந்த நுண்ணுயிரை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது. இன்று அந்தப் பாக்டீரியாவின் பெயரிலேயே ஜோன்ஸ் இருக்கிறார்.

மனிதர்களும் சவுண்டல் விதை சாப்பிடுகிறார்கள். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்துக்குப் பெயரே அங்கே இந்த மரத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. இந்தோனேசியாவில் விதையை வேகவைத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, பூஞ்சை ஏற்றி டெம்பே என்ற பண்டம் செய்கிறார்கள். பச்சையாக அரைத்து மாவாக்கி 'புரதப் பொடி' என்று விற்பதும் அதுவும் ஒன்றல்ல.

புளியங்கொட்டைக்குத் திரும்புவோம். அதில் மிமோசின் மாதிரி வில்லங்கம் இல்லை. அதன் சிக்கல் தோலில் ஆரம்பிக்கிறது. அந்தப் பளபளத்த பழுப்புத் தோல் கொட்டையின் எடையில் 20 முதல் 30 சதவீதம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்தது. டானின் என்ன செய்யும் என்பதை வாயே சொல்லிவிடும். வாழைப்பூ, கடுக்காய், பாக்கு இவற்றைக் கடித்ததும் நாக்கு சுருங்கி, வாய் உலர்ந்துபோகிற மாதிரி வருகிறதே, அந்தத் துவர்ப்பு, டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரட்டுவதால் வருகிற உணர்வு. எச்சில் புரதத்துக்கு வாயில் என்ன நடக்கிறதோ அதுதான் சாப்பாட்டுப் புரதத்துக்கும் குடலுக்குள் நடக்கிறது. டானினோடு ஒட்டிக்கொண்ட புரதம் செரிக்காமலே வெளியே போய்விடும். தோலோடு அரைத்த புளியங்கொட்டையைத் தின்றால் வயிறு கட்டிக்கொள்வதும் அதனால்தான். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து அளவோடு சாப்பிடப் பழகியவர்கள் நாம். டானினை நாக்காலேயே அளக்கிற பழக்கம் அது. ஊறவைத்த பருப்பில் ஒன்றைக் கடித்துப் பார்த்து, துவர்த்தால் இன்னும் தோல் ஒட்டியிருக்கிறது என்று அப்பாயி திரும்பக் குத்துவார்.

அடுத்தது பருப்புக்குள்ளேயே இருக்கிற தடை. விதை என்பது மரத்தின் பிள்ளை. பூச்சி தின்றுவிடாமல் காக்க மரம் அதற்குள் சில புரதங்களை வைத்து அனுப்புகிறது. புளியங்கொட்டையில் இருப்பது டிரிப்சின் தடுப்பான். நம் கணையம் சுரக்கிற டிரிப்சின்தான் குடலில் புரதத்தை வெட்டுகிற கத்தரி. இந்தத் தடுப்பான் கத்தரியின் வாயிலேயே போய்ச் சிக்கிக்கொள்ளும். சோயாவில் இதே வகைப் பொருளை வைத்து எலிகளிலும் கோழிக்குஞ்சுகளிலும் செய்த ஆய்வுகள் மிக முக்கியமான ஒன்றைக் காட்டின. டிரிப்சின் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது, வீங்குகிறது. அப்படிச் சுரக்கிற செரிமானப் புரதங்களில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய. பயறு வகை விதைகளில் ஏற்கெனவே குறைவாக இருப்பதும் அதே அமினோ அமிலங்கள்தான். பச்சைக் கொட்டை தின்றால், கையில் இருப்பதையும் பறிகொடுக்க நேர்கிறது.

நல்லவேளையாக இந்தத் தடுப்பான் ஒரு புரதம். முட்டை வெந்தால் வெள்ளைக்கரு கெட்டிப்படுகிற மாதிரி, ஈரத்தோடு சூடு பட்டால் இதன் வடிவமும் கலைந்து, கத்தரியில் சிக்குகிற சக்தி போய்விடும். டானின் அப்படி இல்லை. சூட்டுக்கு அவ்வளவு எளிதில் அசையாது. அதனால் தோல் நீக்குவதும் வேகவைப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும்.

வறுப்பதில் மட்டும் கவனம் தேவை. புளியங்கொட்டைப் புரதத்தின் சிறப்பே லைசின் என்ற அமினோ அமிலம். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருப்பது அதுதான். அதிகமாக வறுத்தால் லைசின் சர்க்கரையோடு சேர்ந்து பழுப்பேறிப் போகிறது. ரொட்டி மேல்தோல் சிவப்பதும் வறுத்த வேர்க்கடலை மணப்பதும் இதே வேதிவினைதான். மணம் வர வர லைசின் குறையும். தோல் கழலுகிற அளவுக்கு மட்டும் வறுத்து, பிறகு ஊறவைத்து வேகவைப்பது நல்லது. காப்பிக்கொட்டை மாதிரி கருக வறுத்துப் பொடித்தால் ருசி இருக்கும், புரதத்தின் நல்ல பாகம் போயிருக்கும்.

இந்த விதைகளை நம் பக்கத்தில் அக்கறையோடு ஆராய்ந்தவர்களும் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் 1990களில், பழங்குடி மக்கள் சாப்பிடுகிற, சந்தைக்கு வராத பயறுகளின் புரதத்தையும் அவற்றிலுள்ள தடைப் பொருள்களையும் வரிசையாக அளந்தார்கள். அந்த வரிசையில் புளியங்கொட்டையும் இருந்தது. காணிக்காரப் பழங்குடியினர் பூனைக்காலி விதையைத் தண்ணீர் மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைத்து உண்பதும் இத்தகைய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பூனைக்காலி கொடிதான், மரமல்ல. ஆனாலும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஆய்வகம் பிறகு கண்டுபிடித்ததை அந்த அடுப்படி எப்போதோ செய்துகொண்டிருந்தது.

சரி, தோலும் போய்விட்டது, வெந்தும்விட்டது. இனி புரதத்தின் தரம். நம் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களைச் சாப்பாடுதான் தரவேண்டும். எது மிகக் குறைவோ அதுவே மொத்தத்தையும் இழுத்துப் பிடிக்கும். பத்துச் சட்டைக்குத் துணி இருந்தும் நாலு சட்டைக்குத்தான் பொத்தான் இருந்தால் நாலுதான் முடியும். புளியங்கொட்டையில் பொத்தான் மெத்தியோனின், சிஸ்டின் என்ற கந்தக அமினோ அமிலங்கள். அது பயறுக் குடும்பத்து மரம், ஆகவே பயறுகளின் குறையும் அதற்கு உண்டு. முருங்கை விதை இதற்கு நேர் எதிர். பிரேசிலில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு முருங்கை விதை மாவில் 33 சதவீதம் புரதம், 41 சதவீதம் எண்ணெய் இருப்பதாகச் சொன்னது. அந்தப் புரதத்தில் மெத்தியோனினும் சிஸ்டினும் முட்டைக்கும் பாலுக்கும் பக்கத்தில் வருகிற அளவு இருந்தன. லைசின் குறைவு. அரிசியும் உளுந்தும் இட்லியில் ஒன்றையொன்று நிரப்புகிற மாதிரி இந்த இரண்டு மரத்து விதைகளும் நிரப்பும் என்று எண்ணத் தோன்றும். எனக்கும் அந்த யோசனை பிடித்திருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட முருங்கை ரகத்துக்கும் புளி ரகத்துக்கும் பி.கே.எம். 1 என்று ஒரே பெயர் இருப்பது, இதை எழுதும்போது ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் அதே பிரேசில் ஆய்வில் பச்சை முருங்கை விதை மாவைத் தின்ற எலிகளுக்குப் பசி போனது, வளர்ச்சி குன்றியது, குடல் வீங்கியது. காகிதத்தில் முட்டைக்கு இணையாக இருந்த புரதம் உடம்பில் அப்படி நடந்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்கான ஒரு தடயம், அந்த விதையின் மிகப் புகழ்பெற்ற குணத்திலேயே இருக்கிறது.

சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் முருங்கை விதைப் பொடியால் தெளியவைப்பார்கள். விதையைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, குடத்தில் ஊற்றிக் கலக்கி வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் சேறு திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். இதைச் செய்வது சின்னஞ்சிறு புரதங்கள். அவற்றில் நேர்மின்னூட்டம் அதிகம். மண் துகளில் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டித் திரண்டு கனத்துவிடும். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கிலும் இந்தச் சக்தி அப்படியே மிஞ்சுகிறது. எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் சுத்திகரிக்கும் புண்ணாக்கு இன்னொரு பக்கம் என்று இரண்டு வரவு அதில் உண்டு. நம் ஊரில் இதே வேலைக்குத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்ப்பார்கள். அங்கே சேற்றைத் திரட்டுவது பெரும்பாலும் ஒரு வகைப் பசைமாவு, முருங்கையில் புரதம். இப்படி எதையும் பற்றிக்கொள்கிற புரதம் குடலின் சுவரையும் சும்மா விடாது என்பது வியப்பில்லை. முருங்கை விதையைச் சத்து மாத்திரை போலத் தினம் விழுங்கச் சொல்கிற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. பிஞ்சுக் காயோடு சாம்பாரில் வெந்து வருகிற இளம் விதை வேறு, முற்றிய விதையைப் பச்சையாகப் பொடித்தது வேறு.

பலாக்கொட்டையிலும் இதே பாடம். குமரி மாவட்டத்தில் சக்கைக்குரு என்பார்கள். நூறு கிராம் கொட்டையில் புரதம் 6.6 கிராம், ஈரத்தோடு சேர்த்த கணக்கு இது. தண்ணீரில் கரைத்து எடுக்கிற அந்தப் புரதத்தில் பாதிக்கும் மேல் ஒரே ஒரு புரதம், ஜாக்கலின். ஜாக் என்ற பலாவின் ஆங்கிலப் பெயரிலிருந்தே வந்த பெயர். அது லெக்டின் வகை. செல்களின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையைத் தேடிப் பிடிக்கும். நம் உடம்பின் ஐ.ஜி.ஏ.1 என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்க உலகமெங்கும் ஆய்வகங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். மில்லிகிராம் கணக்கில் விலைவைத்து விற்கிற பொருள், நம் புறக்கடையில் ஈ மொய்த்துக் கிடக்கிறது. வெந்துவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துபோகும். பலாக்கொட்டையை யாரும் பச்சையாகத் தின்பதில்லை, வேகவைத்தோ சுட்டோதான் தின்கிறோம்.

புரதத்துக்குச் சத்து தவிர இன்னொரு வாழ்க்கையும் உண்டு. உணவுத் தொழிலில் புரதத்தை வாங்குகிறவர் கேட்பது வேறு: தண்ணீரில் கரையுமா, நுரைக்குமா, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்குமா, சூடாக்கினால் கெட்டிப்படுமா? உளுந்தில் இந்தக் குணங்களோடு ஒரு பசைப்பொருளும் சேர்ந்திருப்பதால்தான் அரைக்க அரைக்க மாவு பொங்குகிறது, இட்லி காற்றைப் பிடித்துவைக்கிறது. துவரம்பருப்பை அரைத்தால் அப்படிப் பொங்காது. இரண்டிலும் புரத அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

விதையிலிருந்து புரதத்தைத் தனியே எடுக்கிற முறையும் நம் அடுப்படிக்குத் தெரிந்ததே. பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் திரிகிறது. அமிலத்தன்மை பி.எச். 4.6ஐ எட்டும்போது பால் புரதத்தின் மின்னூட்டம் சமமாகி, துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதை விட்டுவிட்டுத் திரள்கின்றன. விதைப் புரதங்கள் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இதே மாதிரி திரியும். எண்ணெய் நீக்கிய மாவைக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) உள்ள தண்ணீரில் கரைத்து, சக்கையை வடித்து, அமிலம் விட்டுத் திரியவைத்தால் புரதம் அடியில் இறங்கிவிடும். இதில் ஒரு தலைவலி என்னவென்றால், திரிகிற இடத்தில் புரதம் கரையாது, நுரைக்கவும் மாட்டாது. எலுமிச்சைப் பானம், தயிர் போன்ற புளிப்பான உணவில் இவை மணல் மாதிரி தங்குவது அதனால். முருங்கையின் சிறு புரதங்கள் மட்டும் விலக்கு, நேர்மின்னூட்டம் மிகுந்த அவை புளிப்பிலும் கரைந்தே இருக்கும்.

புளியங்கொட்டையில் இந்த ஈரமுறை சுலபமாக நடப்பதில்லை. பருப்பில் பெரும்பகுதி சைலோகுளுக்கன் என்ற பசைமாவு. தண்ணீர் பட்டால் எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும், வடிகட்டத் துணி போதாது. 1942இல் கோஷ், கிருஷ்ணா என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள் இந்தப் பருப்பில் கூழாகிற பொருள் பாதியளவு இருப்பதை அறிவித்தார்கள். அது முதல் சணல் ஆலைக்கும் நெசவுப் பாவுக்கும் கஞ்சியாகப் புளியங்கொட்டை மாவு போகிறது. ஜப்பானில் அதே பசையைச் சாஸிலும் ஐஸ்கிரீமிலும் சேர்க்கிறார்கள். ஒடிசாவின் பட்டச்சித்திரக் கலைஞர்கள் துணியை ஒட்டிக் கெட்டியாக்குவதும் புளியங்கொட்டைப் பசையால்தான். தொழிலுக்கு வேண்டியது பசை. புரதம் அதற்கு அழுக்கு. சுத்தமான பசை வேண்டும் என்றால் பருப்பை உலர்வாக நைஸாக அரைத்து, காற்றில் பறக்கவிட்டு, நுண்ணிய புரதத் தூளைத் தனியே பிரிப்பார்கள். அழுக்கு என்று பிரிக்கிற அந்தத் தூளில்தான் புரதம் அடர்ந்து கிடக்கிறது. முறத்தில் தூற்றுவதன் இயந்திர வடிவம்தான் இது, தண்ணீர் தேவையில்லை. புளியங்கொட்டைப் புரதத்துக்கு ஒரு நியாயமான வழி இருக்கிறதென்றால் அது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரத்து விதைப் புரதம் ஒரு மக்களின் அன்றாடச் சமையலில் கலந்துபோன இடமும் உலகில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் வயலுக்கு நடுவே வெட்டாமல் விட்டுவைக்கிற பார்க்கியா மரம். 1790களில் அங்கே பயணம் செய்த முங்கோ பார்க்கின் நினைவாக, 1826இல் ராபர்ட் பிரவுன் வைத்த பெயர் அது. நம் ஊர்ப் பூங்காக்களில் பந்து பந்தாகப் பூத் தொங்கும் பேட்மின்டன் பந்து மரம் இதன் பங்காளி. மணிப்பூரில் யோங்சாக் என்று விரும்பிச் சாப்பிடுவதும் இதன் இன்னொரு பங்காளிதான். ஆப்பிரிக்கப் பெண்கள் அந்தக் கல் மாதிரி விதையை அரை நாளுக்கு மேல் வேகவைக்கிறார்கள். மிதித்தும் குத்தியும் தோலைக் கழற்றி அலசி, மறுபடி வேகவைத்து, இலை போட்டு மூடி இரண்டு மூன்று நாள் விடுகிறார்கள். பாசில்லஸ் என்ற பாக்டீரியா ஏறி, புரதத்தை முன்கூட்டியே வெட்டிப்போடுகிறது. கறுத்து, பிசுபிசுத்து, மூக்கைத் துளைக்கிற வாடையோடு வருவதை உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள். ஹௌசா மொழியில் தவாதவா, யொரூபாவில் இரு. குழம்பில் ஓர் உருண்டை போட்டால் கருவாடு போட்ட ருசி. தோல், தடுப்பான், செரிமானம் என்று இதுவரை சொன்ன எல்லாச் சிக்கலுக்கும் அந்த ஒரே அடுப்படியில் விடை இருக்கிறது. விறகும் நேரமும்தான் விலை.

எல்லா மரத்து விதையும் சாப்பாட்டுக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை. புங்கம் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தும் கரஞ்சின் போன்ற கசப்புப் பொருள்களால் அது வயலுக்கே போகிறது. இலுப்பைப் புண்ணாக்கிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் மீனைக் கொல்லும், குளத்தில் வேண்டாத மீனை ஒழிக்கவே அதைப் போடுகிறார்கள். இலுப்பை மாவு ஆய்வகக் குழாயில் அழகாக நுரைப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்த நுரையில் புரதத்தின் பங்கைவிடச் சபோனினின் பங்கு பெரிதாக இருக்கலாம், பூந்திக்கொட்டை நுரைக்கிற மாதிரி.

புளியங்கொட்டை அந்தப் பட்டியலில் இல்லை. தோலை எடுத்து வேகவைத்தால் உணவாகிற விதை. மாட்டுக்கு ஊறவைத்து வைக்கிற பழக்கம் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி தட்டுகிற பெண்கள் நாள் முழுக்கக் கல்லில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார்கள். வியாபாரி கொட்டையை மூட்டையாக எடைபோட்டுக்கொண்டு போகிறார். தோல் உடைக்கிற இயந்திரம் ஊருக்குள் வந்தால், மூட்டையில் போவது பருப்பாக இருக்கும், கருந்தோல் அங்கேயே மிஞ்சும். கொட்டையைத் தாமதிக்காமல் உலர்த்தியாக வேண்டும், விட்டால் வண்டு துளைத்துவிடும். அப்பாயி வேப்பிலை போட்டு மண்பானையில் வைத்திருப்பார். ஆடி மாதம் எடுத்தாலும் ஓட்டை விழுந்த கொட்டை கைக்கு ஒன்றிரண்டுதான் வரும்.